வெளியே திரியும் பூனையால் வீட்டுக் கோழிக்கு ஆபத்தா? குஞ்சு தப்பிக்க முழு வழிகாட்டி

வளர்ந்த நாட்டுக்கோழியைப் பூனை தொடாது, குஞ்சை விடாது. நேரான பதில் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம், ஏன் என்றால் பூனையை ஊரை விட்டே ஓட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும். குஞ்சு பொரித்த நாளிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை மாதத்தை மட்டும் கெட்டியாகக் காத்துவிட்டால் போதும்.

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போகிற இந்தப் பக்கத்தில் தோப்புக்குள் சாளை (சின்ன வீடு) போட்டுக் குடியிருப்பவர்கள் எல்லார் வீட்டிலும் நாலு கோழி இருக்கும், தேங்காய் மட்டைக் குவியலில் எலி இருக்கும், எலிக்காக ஒரு பூனையும் இருக்கும். கேரள எல்லை தாண்டி முதலமடை, கொல்லங்கோடு பக்கம் போனாலும் இதே கதைதான். குஞ்சு காணாமல் போனால் முதல் பழி பூனை மேல் விழும். பாதி நேரம் அது சரி, பாதி நேரம் தப்பு. அந்தத் தப்பான பாதியில் பூனையை அடித்து விரட்டிவிட்டு, உண்மையில் வந்து போகிற மரநாய்க்குக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பூனை கணக்குப் போடும் விதம்

நம்ம ஊர்ப் பூனை மூன்றிலிருந்து ஐந்து கிலோ இருக்கும். அது ஒண்டியாக வேட்டையாடுகிற பிராணி. கண்ணிலோ காலிலோ அடிபட்டால் அதற்கு இரை தேடிக் கொடுக்க வேறு ஆள் கிடையாது, அதனால் திருப்பி அடிக்கக்கூடிய எதையும் அது சீக்கிரம் தொடுவதில்லை. எலி, ஓணான், அணில், சின்னக் குருவி, இவைதான் அதன் அளவு. வீட்டு எலி பெரிதாக வளர்ந்தால் 200 கிராம் வரும். பொரித்த அன்று கோழிக்குஞ்சின் எடை 30 முதல் 40 கிராம். அதற்கு மேல் அது கீச்சுகீச்சென்று கத்துகிறது, தாறுமாறாக ஓடுகிறது. பூனைக்கு இதைவிட ஆசை காட்டுகிற சங்கதி வேறு இல்லை.

ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழி என்றால் நிலைமை வேறு. இறக்கையை விரித்து, கழுத்து மயிரைச் சிலிர்த்து, மூக்கிலே ஒரு கொத்துப் போட்டால் பூனை ஒதுங்கிவிடும். உருவத்தில் பெரிய நாட்டு ஜாதியான பெருவெடைக் கோழி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும், குஞ்சோடு இருக்கிற பெருவெடைத் தாய் நாயையே துரத்தும்.

விதிவிலக்கு உண்டு. அழகுக்கு வளர்க்கிற குள்ள ஜாதிக் கோழிகள் முழு வளர்ச்சியிலும் அரைக் கிலோ, முக்கால் கிலோதான், அவை பூனைக்கு எட்டும். நோய்ப்பட்டு மூலையில் தூங்கி விழுகிற கோழியையும் பிடிக்கும். அப்புறம் இருட்டு. கோழிக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது, பூனைக்கு நன்றாகத் தெரியும். திறந்த இடத்தில் அடையில் உட்கார்ந்திருக்கிற கோழியைப் பசித்த கடுவன் (ஆண் பூனை) ஒன்று ராத்திரியில் பிடித்துவிட முடியும். முட்டைக்கு மட்டும் பூனையைச் சந்தேகப்பட வேண்டாம். முட்டை காணோம் என்றால் கீரி, பாம்பு, பெருச்சாளி, இல்லை முட்டை கொத்தித் தின்னப் பழகிய கோழியே காரணம்.

முதல் வேலை: தூக்கியது யார் என்று கண்டுபிடிப்பது

கோபத்தில் கம்பை எடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்.

பகலில் ஒரே ஒரு குஞ்சு, சத்தமில்லாமல், இறகுகூட விழாமல் காணோம் என்றால் பூனையாக இருக்கலாம், பருந்தாகவும் இருக்கலாம், காக்கையும் முதல் வாரக் குஞ்சைத் தூக்கும். வித்தியாசம் தாய்க்கோழியிடம் தெரியும். மேலேயிருந்து ஆபத்து என்றால் ஒரு மாதிரி நீட்டிக் கத்தும், குஞ்செல்லாம் செடிக்குள் ஓடி ஒளியும். தரையில் ஆபத்து என்றால் கெக்கெக்கென்று விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஒரு திசையையே பார்த்து நிற்கும். கோழி வளர்க்கிற வீட்டுப் பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே இந்த இரண்டு சத்தத்தையும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பூனைதான் என்றால் கொஞ்சம் தேடினால் விறகு அடுக்குக்குப் பின்னாலோ மட்டைக் குவியலுக்கு அடியிலோ இறக்கையும் காலும் கிடக்கும், அது மறைவில் கொண்டுபோய்த்தான் தின்னும்.

ராத்திரியில் இரண்டு மூன்று கோழி ஒரே சமயம் செத்து, கழுத்திலும் தலையிலும் கடித்து, உடம்பை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் அது பூனை வேலை கிடையாது. மரநாய், எல்லைக்கு அந்தப் பக்கம் மரப்பட்டி என்பார்கள், தென்னை மரத்திலும் ஓட்டுக் கூரையிலும் ஏறி வந்து மேலே உள்ள சந்து வழியாக இறங்கும். பகலில் அதே மாதிரி கழுத்துக்கடி என்றால் கீரி. முற்றம் முழுக்க இறகு பறந்து, செத்த கோழிகள் தின்னாமல் அங்கங்கே கிடந்தால் நாய். குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே குறைந்து, மூலையில் புதிதாக மண் தள்ளிய வளை தெரிந்தால் பெருச்சாளி. கூடு பூட்டியபடியே இருக்க உள்ளே குஞ்சு இல்லை, ரத்தமும் இல்லை என்றால் பாம்பு. கையை விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் சாயங்காலம் கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு அடுப்புச் சாம்பலோ சலித்த மணலோ பரப்பிவிட்டுக் காலையில் பாருங்கள். பூனையின் தடம் வட்டமாக, நாலு விரலோடு, நகக்குறி இல்லாமல் இருக்கும், நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால். நாய்த் தடத்தில் நகம் பதியும். கீரிக்கு ஐந்து விரல், நகக்கீறலும் தெரியும்.

ஆனைமலை அடிவாரத்திலும் பரம்பிக்குளம் போகிற வழியிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வருவது வீட்டுப் பூனையாக இல்லாமல் காட்டுப்பூனையாக இருக்கலாம். கால் நீளமாக, மணல் நிறத்தில், வால் குட்டையாக நுனிப்பக்கம் கறுப்பு வளையங்களோடு, காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர்க்கொத்தோடு இருந்தால் அது காட்டுப்பூனை. அது வளர்ந்த கோழியையும் தூக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி, கண்ணி வைப்பதோ அடிப்பதோ குற்றம். அதற்கும் தீர்வு கூட்டை கெட்டிப்படுத்துவதுதான், அதிகம் தொந்தரவு என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

அடுத்து: எந்த நாட்கள் ஆபத்து என்று குறித்து வைப்பது

அடை வைத்தால் 21 நாளில் பொரிக்கும். அந்த 21 நாளும் அடைக்கோழியை உள்ளே, கதவுள்ள இடத்தில் வையுங்கள், திண்ணையில் கூடை போட்டு விட்டுவிட வேண்டாம்.

பொரித்த முதல் இரண்டு வாரம் குஞ்சு எல்லாவற்றுக்கும் இரை. இது எல்லாருக்கும் தெரியும், கவனமாகவும் இருப்பார்கள். பலரும் கோட்டை விடுகிற காலம் அதற்கு அப்புறம் வருகிறது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும். நேற்றுவரை காவல் இருந்தது, இன்றைக்கு இல்லை. குஞ்சு அப்போது புறா அளவுக்கு மேல் இருக்கும், பார்க்கக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், நாமும் "இனி பிழைத்துக்கொள்ளும்" என்று கொடாப்பை, அதாவது குஞ்சைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடையை, எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுவோம். அந்த வாரத்தில்தான் ஒவ்வொன்றாகக் குறையும். பூனைக்கு அந்த அளவு இன்னும் கைக்கு அடங்குகிற அளவுதான். கொத்திப் பிரித்த பிறகு இன்னும் மூன்று வாரமாவது காவல் தேவை, முக்கால் கிலோவைத் தொட்ட பிறகு பயம் குறையும்.

மெஷினில் பொரித்த குஞ்சு வாங்குபவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தாய் கிடையாது, காவல் முழுக்க நம் பொறுப்பு. அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்க்கிறோம், முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரம் இரண்டு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தச் சூட்டைத் தேடியே பூனை வரும். பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடுவது மூடியதாகாது. கம்பி வலை அடித்த சட்டத்தை வைத்து, மேலே செங்கல் பாரம் வையுங்கள். இந்தக் கஷ்டமே வேண்டாம் என்றால் 45 முதல் 60 நாள் வரை வளர்த்துக் கொடுக்கிற நர்சரிகள் இருக்கின்றன, கேரளப் பக்கம் இந்த முறை நன்றாகவே நடக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ஆபத்தான நாட்களில் பெரும்பகுதியை அவர்களே தாண்டிவிட்டுத் தருகிறார்கள். வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கொடாப்பும் கூடும்

கொடாப்பு நல்ல சாதனம்தான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பூனை கொடாப்பை எப்படி அணுகுகிறது என்று மறைந்து நின்று பாருங்கள். முதலில் பத்தடி தள்ளி வயிறு தரையில் படப் படுக்கும், வால் நுனி மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையும், காது இரண்டும் கீச்சுச் சத்தத்தின் பக்கமே திரும்பியிருக்கும். அப்புறம் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று வரும். தரை மேடு பள்ளமாக இருக்கிற இடத்தில் கொடாப்புக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருந்தால், அங்கே உட்கார்ந்து முன்னங்காலை உள்ளே விட்டு, நகத்தை விரித்துத் துழாவும். குஞ்சு வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வரும். அவ்வளவுதான்.

அதனால் கொடாப்பை எப்போதும் சமதரையில், முடிந்தால் களத்திலோ சிமெண்ட் வாசலிலோ கவிழ்த்துங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற அடியில் மூங்கில் கொடாப்பு உருண்டே போய்விடும், மேலே ஒரு அம்மிக்கல் கனத்துக்குப் பாரம் வேண்டும். மூங்கில் பத்தைகள் இற்று இடைவெளி பெருத்துவிட்ட பழைய கொடாப்பை அந்தக் காலத்தில் வெளியே வைக்க வேண்டாம்.

கூடு கட்டுகிறவர்கள் காசை எங்கே செலவழிப்பது என்பதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு: வலையில். கடையில் மலிவாகக் கிடைக்கிற அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, வெளியே இருப்பதைத் தடுக்க ஆகாது. ஒரு அங்குலக் கண்ணில் பூனையின் முன்னங்கால் நுழையும், நாய் கடித்தால் பிய்ந்துவிடும், இரண்டு மழைக்குத் துருப்பிடிக்கும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். முழுக் கூட்டுக்கும் கட்டுப்படி ஆகாது என்றால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்காவது அதைப் போட்டு, மேலே சாதா வலை போடலாம். சுவரை ஒட்டி ஒரு அடி ஆழம் வலையைப் புதைத்தால் கீரியும் பெருச்சாளியும் தோண்டுவது நிற்கும். மேல்பக்கம் கட்டாயம் மூட வேண்டும். ஆறடி வேலி என்பது பூனைக்கு வேலியே கிடையாது, தூணைப் பிடித்து ஏறிவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விடுகிற இடைவெளியிலும் வலை வேண்டும், மரநாய் வருகிற வழி அதுதான். கதவுக்குக் கயிறு கட்டாதீர்கள். நாதாங்கி, அதில் ஒரு கொக்கி.

இவ்வளவு செய்தும் பொழுது சாய்வதற்கு முன்னால் அடைக்கவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. பூனை அதிகம் வேட்டையாடுவது விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்து, மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே அடைத்துவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே போய்விடும்.

பகல் மேய்ச்சலில்

தாயோடு விடுங்கள், தாயைக் கட்டிப் போட வேண்டாம். குஞ்சு தூரமாகப் போகாமல் இருக்கத் தாய்க்கோழியின் காலில் கயிறு கட்டி முளையடிக்கிற வழக்கம் இங்கே உண்டு, அது குஞ்சைப் பக்கத்தில் வைக்கும் என்பது சரி, ஆனால் பூனை வந்தால் தாயால் கயிற்று நீளத்துக்கு மேல் ஓடிப்போய் அடிக்க முடியாது. பூனைக்கு அந்த அளவு இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

மேய்கிற இடத்தைச் சுற்றிப் பூனை பதுங்குகிற மறைவுகளைக் குறையுங்கள், முக்கியமாகக் கோழி தண்ணீர் குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டைக் குவியலோ சாக்கு அடுக்கோ இருக்கக் கூடாது. ஆனால் முற்றத்தை மொட்டையாகவும் ஆக்கிவிடாதீர்கள், பருந்து வந்தால் ஓடி ஒளியத் தாழ்வான செடி வேண்டும்.

கூட்டத்தில் பின்தங்குகிற குஞ்சைத்தான் பூனை குறிவைக்கும். தினமும் ஒரு குஞ்சு பின்தங்குகிறது என்றால் பூனையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குஞ்சைப் பாருங்கள். எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ போகிறதா, கழுத்து திருகுகிறதா என்று கவனியுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோயாக இருந்தால் பூனை வராவிட்டாலும் கூடு காலியாகிவிடும். அதைத் தடுக்க ஏழாம் நாள் சொட்டு மருந்தும், இரண்டு மாதத்தை ஒட்டிப் போடுகிற ஊசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வீட்டுப் பூனையைப் பழக்குவது

இது நடக்கிற காரியம்தான். குட்டியாக இருக்கும்போதே குஞ்சுள்ள தாய்க்கோழி மேய்கிற முற்றத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்க, விடுங்கள். தாயிடம் ஒரு கொத்து வாங்கினால் பல பூனைகளுக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனால் பழகிய பூனையானாலும் குஞ்சோடு தனியாக அறைக்குள் விடாதீர்கள். ஓடுகிறதைப் பிடிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது, சாதுவான பூனைக்கும் கை நீண்டுவிடும்.

சோற்று நேரத்தை மாற்றுங்கள். கோழியைத் திறப்பதற்கு முன்னால் காலையில் ஒரு தடவை, அடைப்பதற்கு முன்னால் மாலையில் ஒரு தடவை. வெறும் பால் சோறு போதாது, மத்தி மீன் தலையாவது, வேகவைத்த முட்டையாவது சேருங்கள். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குப் பிடித்துவரும் இரை 36 சதவீதம் குறைந்தது, தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதிலேயே 25 சதவீதம் குறைந்தது. "வயிற்றைக் காயப்போட்டால்தான் எலி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு பூனையைப் பட்டினி போடுகிற வீட்டில்தான் குஞ்சும் அதிகம் போகிறது.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. செத்த குஞ்சையோ, கோழி அறுத்த குடலையோ பச்சையாகப் பூனைக்கு வீசாதீர்கள். அந்த ருசியைக் காட்டிக் கொடுப்பது நாம்தான். செத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

கடுவனுக்குக் கருத்தடை செய்தால் அலைவது குறையும், பெட்டைக்குச் செய்தால் தோப்பில் குட்டிகள் பெருகாது.

பக்கத்து வீட்டுப் பூனை, சொந்தக்காரன் இல்லாத பூனை

பூனை யாருடையது என்று தெரிந்தால் பேசுங்கள், ஆனால் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சேச்சியிடம், "சேச்சி, உங்க கண்டன் பூனை எங்க குஞ்சுகிட்டயே உட்கார்ந்திருக்குது, காலையில கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக்கிறீங்களா, குஞ்சு பெருசாகிற வரைக்கும் மட்டும்" என்று கேட்டதற்கு, "ஐயோ அக்கா, முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி அன்றையிலிருந்து காலைச் சோற்றை வீட்டுக்குள் வைத்தார். எத்தனை நாளைக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊர்ப் பூனை என்றால் அது எதற்கு வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மீன் கழுவிய தண்ணீர். மீன் வண்டி வருகிற நாளில் கழுவுகிற இடம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நாமே பூனையை அழைத்துவந்து உட்கார வைக்கிறோம். அந்த இடத்தை மாற்றுங்கள். வந்தால் ஹோஸ் தண்ணீரை அடியுங்கள், பார்க்கிற போதெல்லாம் அடியுங்கள்.

பிடித்துக்கொண்டு போய் வேறு ஊரில் விடுவதில் பலன் இல்லை, எலி இருக்கிறவரை அந்த இடத்துக்கு வேறு பூனை வரும். விஷம் வைப்பது பாவம் மட்டுமில்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கோழியும் அதைக் கொத்தித் தின்னும். எலி மருந்திலும் இதே ஆபத்து, மருந்து தின்ற எலியைத் தின்று பூனை சாகும், அப்புறம் எலியும் பெருச்சாளியும் பெருகி, தீவன மூட்டையும் போய் குஞ்சும் போகும். பூனை இல்லாத கோழிக்கூடு எலிக்கு எவ்வளவு வசதி என்பதை அதற்கு அப்புறம்தான் பார்ப்பீர்கள்.

நோய் விஷயம்

பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்கு அது தொற்றும், கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நமக்கு வராமல் இருக்கக் கறியை நன்றாக வேகவைக்க வேண்டும், கூடு சுத்தம் செய்கிற வேலையைக் கர்ப்பிணிகள் செய்யக்கூடாது. தீவனத்தையும் கூட்டில் பரப்புகிற தேங்காய் நார்த் தூளையும் மூடி வையுங்கள், மெத்தென்று இருப்பதால் பூனை அதில்தான் கழிக்கும்.

இன்னொன்று பறவைக் காய்ச்சல். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளில் 2014-இல் வந்தது, 2021-இல் வந்தது, 2024-இலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் மீனாட்சிபுரம், கோபாலபுரம், வாளையார் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இது பூனைக்கும் தொற்றும், 2023-இல் போலந்து நாட்டில் வீட்டுப் பூனைகள் பல இதனால் செத்தன. அந்தச் செய்தி வருகிற நாட்களில் பூனையைச் செத்த பறவைப் பக்கம் விடாதீர்கள். கோழிகள் கொத்தாகச் செத்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

பூனை கவ்விவிட்டால்

பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடாமல், கையைத் தட்டிச் சத்தம் போட்டால் பெரும்பாலும் போட்டுவிட்டு ஓடும். குஞ்சை எடுத்து இறகை விலக்கிப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். பூனை வாயில் இருக்கிற பாஸ்ட்யுரெல்லா கிருமி கோழிக்கு ஆகவே ஆகாது, காலையில் நன்றாக இருந்தது மறுநாள் செத்துக் கிடக்கும். உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, மஞ்சள் வைத்து, அட்டைப்பெட்டியில் இருட்டாக, சூடாகத் தனியே வையுங்கள். அதோடு நிற்காமல் அன்றைக்கே மருந்தகத்துக்கு எடுத்துப்போய் ஆன்டிபயாடிக் கேளுங்கள், காயம் சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

குஞ்சைப் பிடுங்கும்போது உங்கள் கையில் பல்லோ நகமோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டுப் பூனைதான் என்றாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள், அடுத்தடுத்த தேதிகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றையும் விடாமல் போட்டு முடியுங்கள்.